அந்தப் போஸ்டரில் இருக்கும் கால் என்னுடையது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன வாரம் உங்கள் நாளிதழின் மாவட்டப் பக்கத்தில், எங்கள் பகுதியிலுள்ள ஒரு சுகாதார அறிவியல் பல்கலைக்கழகத்தில் நடந்த மாணவர் ஆய்வுக் கண்காட்சி பற்றிப் படத்தோடு செய்தி வந்திருந்தது. வெள்ளைக் கோட்டு போட்ட மாணவ மாணவியர் வரிசையாக நிற்கிறார்கள். நடுவில் சிறப்பு விருந்தினர் கேடயம் கொடுக்கிறார். அவர்கள் முதுகுக்குப் பின்னால், 3 அடிக்கு 4 அடியில் ஒரு போஸ்டர் பாதி மறைந்து தெரிகிறது. அதன் வலது கீழ் மூலையில் லேமினேஷனுக்குள் காற்று நின்று ஒரு சின்னக் குமிழ் இருக்கும். உங்கள் படத்தில் அது தெரியாது. எனக்குத் தெரியும், ஏனென்றால் அதை அச்சடித்தவன் நான். அந்தப் போஸ்டரின் நடுவில் இருக்கும் இடது காலும் என்னுடையதுதான்.

செங்கல்பட்டு மாவட்டத்தில், ஒரு மருத்துவக் கல்லூரி வாசலுக்கு எதிரே 19 வருடமாக டிஜிட்டல் பிரிண்டிங் கடை வைத்திருக்கிறேன். என் பெயரையும் கடையின் பெயரையும் தயவுசெய்து போட வேண்டாம். கல்லூரிக்காரர்கள்தான் என் வாடிக்கையாளர்கள். நாளைக்கும் அவர்கள் வர வேண்டும்.

கல்யாண பேனர், கண்ணீர் அஞ்சலி, கோயில் கும்பாபிஷேகம் என்று வருடம் முழுக்க ஓடினாலும், மாணவர்கள் 'ரிசர்ச் டே' என்று சொல்லும் இந்தக் கண்காட்சிக்கு முந்தைய இரண்டு நாள்தான் கடையில் திருவிழா. எம்.பி.பி.எஸ்., பல் மருத்துவம், நர்சிங், பிசியோதெரபி, பார்மசி என்று எல்லாப் பிள்ளைகளும் வருவார்கள். எல்லோரும் ராத்திரி எட்டு மணிக்கு மேல்தான் வருவார்கள். கையில் ஒரு பென்டிரைவ். "அண்ணா, காலையில ஏழரைக்கு ஒட்டணும்ணா." ஃபைலைத் திறந்தால் பவர்பாயிண்டில் செய்தது, நீளம் அகலம் மாறியிருக்கும். கல்லூரி முத்திரையை வாட்ஸ்அப்பில் இருந்து எடுத்துப் பெரிதாக்கி வைத்திருப்பார்கள். அச்சில் அது மழையில் நனைந்த கோலம் மாதிரி வரும். திரையில் பளிச்சென்ற நீலம், துணியில் கத்தரிப்பூ நிறமாக வரும். திரைக்கு ஆர்.ஜி.பி. நிறம், அச்சுக்கு சி.எம்.ஒய்.கே. நிறம் என்று அந்த நேரத்தில் பாடம் நடத்த முடியுமா? மாற்றிக் கொடுத்துவிடுவேன்.

நிறத்தில் தப்பு வந்தால் கூடச் சமாளிக்கலாம், எழுத்தில் வந்தால் ஆபத்து. சில வருடம் முன்பு ஒரு மாணவர் உப்பில் அயோடின் பற்றி ஆய்வு செய்து கொண்டுவந்தார். சிறுநீரில் லிட்டருக்கு இத்தனை மைக்ரோகிராம் அயோடின் என்று அட்டவணை. மைக்ரோ என்பதற்கு ஒரு கிரேக்க எழுத்து போடுவார்கள். அவர் அதைப் பழைய 'சிம்பல்' எழுத்துருவில் அடித்திருந்தார். அந்த எழுத்துரு என் கணினியில் விட்டுப்போனால் அந்த இடத்தில் ஆங்கில எம் வந்து உட்காரும். மைக்ரோகிராம் எல்லாம் மில்லிகிராம் ஆகிவிட்டது, ஆயிரம் மடங்கு. இரவு பதினொன்றரைக்கு, அச்சடித்து முடித்துச் சுருட்டும்போது அந்தப் பையன் பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்தார். இன்னொரு 12 சதுர அடி துணி என் கணக்கில் போனது. அன்றிலிருந்து எந்தப் போஸ்டர் வந்தாலும் எண்ணும் அலகும் இருக்கும் கட்டத்தை நானே ஒரு முறை ஓட்டிப் பார்ப்பேன். ஆய்வு முடிவு தற்செயலாக வந்திருக்குமா என்று பார்க்க உதவும் 'பி வேல்யூ' என்ற எண் பத்தாவது வரை படித்த எனக்குத் தெரிந்தது இப்படித்தான்.

இப்போது என் காலுக்கு வருகிறேன்.

எனக்கு வயது 46. ஒன்பது வருடமாகச் சர்க்கரை. அந்த மருத்துவமனையில்தான் காட்டுகிறேன், ரோட்டைத் தாண்டினால் போதும் என்பதால். ஒரு நாள் ஓ.பி.யில் டோக்கன் வாங்கிக் காத்திருந்தபோது ஒரு மாணவி வந்து, "அண்ணா, ஒரு ஸ்டடி பண்றேன், கால் டெஸ்ட் பண்ணிக்கிறீங்களா, பத்து நிமிஷம்தான்" என்றது. என்னைக் கடைக்காரனாக அதற்கு அடையாளம் தெரியவில்லை. அப்போது அது மூன்றாம் வருடம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐ.சி.எம்.ஆர்.) 1979-இலிருந்து இளநிலை மாணவர்களுக்குக் குறுகிய கால ஆய்வு உதவித்தொகை கொடுத்து வருகிறதே, இரண்டு மாத ஆய்வு, அதற்காகச் செய்துகொண்டிருந்தது.

முதலில் இரண்டு பக்கத் தாள் ஒன்றைக் கொடுத்தது. தமிழில்தான் இருந்தது. ஆய்வில் சேருகிறவர்களுக்கு அவர்கள் மொழியில் விளக்கித்தான் கையெழுத்து வாங்க வேண்டும் என்பது விதி. ஆனால் அது எந்த ஊர்த் தமிழ் என்று கேட்கக் கூடாது. "தங்களது பங்கேற்பு முற்றிலும் தன்னிச்சையானது, எக்கணமும் காரணம் கூறாது விலகிக்கொள்ளும் உரிமை தங்கட்கு உண்டு." எனக்குப் பக்கத்தில் இருந்த உத்திரமேரூர்ப் பெரியவர், "சொத்துப் பத்திரமா பாப்பா?" என்று கேட்டார். அந்தப் பெண் சிரித்துவிட்டு, வாயாலேயே விளக்கமாகச் சொன்னது. அப்புறம் கையெழுத்துப் போட்டோம்.

சோதனை எளிமையானது. தூண்டில் நரம்பு போல ஒரு நைலான் இழை, ஒரு சின்னக் கைப்பிடியில் செருகியது. அதைக் காலில் வைத்து அழுத்தினால் 10 கிராம் அழுத்தத்தில் அது வளையும். அதற்கு மேல் அழுத்தாது. கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லி, கட்டை விரலில், விரல்களுக்குக் கீழே உள்ள மேட்டில், இப்படி ஒவ்வோர் இடமாக வைத்து, "தெரியும்போது ஆமான்னு சொல்லுங்க" என்றது. பிறகு ஒரு இசைக்கவையைத் தட்டிக் கட்டை விரல் எலும்பில் வைத்து அதிர்வு தெரிகிறதா என்று கேட்டது. நானும் ஆமாம் ஆமாம் என்று சொல்லிக்கொண்டே வந்தேன். நடுநடுவே நீண்ட அமைதியாக இருந்தது. இழையை மாற்றுகிறது போல என்று நினைத்துக்கொண்டேன். கடைசியில் இடது காலைப் போட்டோ எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டு அதற்கும் தனியாக ஒரு கையெழுத்து வாங்கியது. கடையில் கட்டிங் பிளேடு விழுந்து, கட்டை விரலுக்குக் கீழே பிறை மாதிரி ஒரு தழும்பு எனக்கு உண்டு. எந்தக் கூட்டத்திலும் என் காலை நான் கண்டுபிடித்துவிடுவேன்.

என் ஓ.பி. சீட்டில் ஆங்கிலத்தில் ஏதோ இரண்டு வரி எழுதினார்கள். மாத்திரை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

ஏழெட்டு மாதம் கழித்து, கண்காட்சிக்கு முந்தைய இரவு, அதே பெண் பென்டிரைவோடு கடைக்கு வந்தது. ஃபைலைத் திறந்தேன். நடுவில் பெரிதாக ஒரு இடது கால். பிறைத் தழும்பு. ஒரு நிமிடம் எனக்குச் சிரிப்பு வந்தது, அப்புறம் என்னவோ போல் ஆகிவிட்டது. கடையில் எட்டுப் பத்துப் பிள்ளைகள் நிற்கிறார்கள். கவுன்ட்டரில் காலைத் தூக்கி வைத்தா காட்ட முடியும்? மெதுவாக, "டாக்டரம்மா, இந்தக் காலு என்னோடது" என்றேன். அது முதலில் நம்பவில்லை. செருப்பைக் கழற்றிக் காட்டினேன். முகம் சிவந்துவிட்டது.

"சரி, எனக்கு என்ன வந்திருக்கு இதுல?"

அது உடனே பதில் சொல்லவில்லை. பையிலிருந்த மடிக்கணினியைத் திறந்து, எண்ணைத் தேடி, என் வரிசையைக் கண்டுபிடித்து, தயங்கித் தயங்கிச் சொன்னது. இடது காலில் நான்கு இடத்தில் நான் ஆமாம் சொல்லவே இல்லையாம். அந்த நீண்ட அமைதியெல்லாம் அந்த இடங்கள்தான். அது இழையை வைத்து அழுத்திக்கொண்டிருந்திருக்கிறது, நான் கண்ணை மூடிக்கொண்டு அடுத்ததற்காகக் காத்திருந்திருக்கிறேன்.

"சீட்டுல எழுதியிருந்தோமேண்ணா" என்றது. எழுதியிருந்தார்கள், உண்மைதான். ஆங்கிலத்தில் நான்கெழுத்துச் சுருக்கமாக. அதைப் படித்துக் காட்ட யாருக்கும் அன்றைக்கு நேரமில்லை. எனக்கும் கேட்கத் தோன்றவில்லை. யாரையும் நான் குறை சொல்லவில்லை. அந்த ஓ.பி.யில் ஒரு காலையில் எத்தனை பேர் என்பதை நானும் வரிசையில் நின்று பார்த்திருக்கிறேன். ஆனால் யோசித்துப் பாருங்கள். கடையில் நாள் முழுக்க ரப்பர் செருப்போடு நிற்கிறவன் நான். கீழே பிளேடு துண்டு, ஐலெட் ரிங், ஆணி எல்லாம் கிடக்கும். கால் மரத்துப்போனவனுக்கு அது குத்தினாலும் தெரியாது. வலி இருந்தால்தானே டாக்டரிடம் போவோம்? வலி இல்லாததுதான் இங்கே நோய். புண் ஆகி, நாற்றம் வந்து, வீட்டில் இருப்பவர்கள் சொல்லித்தான் பல பேருக்குத் தெரிகிறது. என் சித்தப்பாவுக்கு அப்படித்தான் இரண்டு விரல் போனது. நம் நாட்டில் 10 கோடியே 10 லட்சம் பேருக்குச் சர்க்கரை நோய் இருக்கலாம் என்று 2023-இல் ஐ.சி.எம்.ஆர். ஆய்வு ஒன்றில் வந்ததை உங்கள் நாளிதழிலேயே படித்த ஞாபகம். அத்தனை பேர் கால்களில் எத்தனை கால் இப்படி மரத்துக் கிடக்கிறதோ.

அந்தப் பெண்ணின் ஆய்வில் எத்தனை பேருக்கு இப்படி இருந்தது என்ற கணக்கை நான் இங்கே எழுதப் போவதில்லை. அது அந்தப் பிள்ளையின் உழைப்பு, இன்னும் மருத்துவ இதழில் வரவில்லை. கால் மரத்துப்போனவர்களில் பலருக்கு என்னைப் போலவே அது தெரியாது என்பதுதான் போஸ்டரின் முக்கியமான வரி என்று மட்டும் சொல்கிறேன். அந்த வரி முடிவுரைக் கட்டத்தில், ஆங்கிலத்தில், 24 பாயிண்ட் எழுத்தில், மூன்றாவதாக இருந்தது.

மறுநாள் காலை வேறொரு மாணவரின் போஸ்டரில் வழிகாட்டியின் பெயர் விட்டுப்போனதால், புதிதாக அடித்ததை எடுத்துக்கொண்டு நானே அரங்குக்குப் போனேன். 19 வருடத்தில் முதல் தடவை உள்ளே போகிறேன் என்றால் நம்புவீர்களா? குளிரூட்டிய மண்டபம். வரிசையாகப் பலகைகள், ஒவ்வொன்றிலும் நான் முந்தின ராத்திரி சுருட்டிக் கொடுத்தவை விரிந்து நிற்கின்றன. மகள் கல்யாணத்தில் அலங்காரத்தோடு நிற்பதைப் பார்க்கிற மாதிரி இருந்தது. நல்ல வேளை, ஏசி காற்றில் எதுவும் கழன்று விழவில்லை.

நடுவர்கள் இரண்டிரண்டு பேராக, கையில் மதிப்பெண் தாளோடு வந்தார்கள். மாணவர் ஐந்து நிமிடம் பேச வேண்டும், அப்புறம் கேள்வி. சாம்பிள் சைஸ் எப்படி முடிவு செய்தாய், எந்த டெஸ்ட் போட்டாய், இதில் என்ன லிமிட்டேஷன். கேள்விகள் நியாயமானவைதான். இப்படிக் கேட்டால்தான் பிள்ளைகள் அடுத்த முறை சரியாகச் செய்வார்கள். நம் பெண்ணும் ஆங்கிலத்தில் மூச்சு விடாமல் ஒப்பித்தது. கை இரண்டையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, பரீட்சைக்குச் சொல்வது போல.

நடுவர்கள் நகர்ந்ததும், மாப் வைத்துத் துடைத்துக்கொண்டிருந்த ஒரு அக்கா அங்கே வந்து நின்றார். நீலப் புடவை, கழுத்தில் ஒப்பந்த நிறுவனத்து அட்டை. போஸ்டரில் என் காலையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "இது சக்கர காலா பாப்பா?" என்றார்.

அந்தப் பெண்ணின் கைகள் முதுகிலிருந்து முன்னால் வந்தன. நடந்ததை அப்படியே சொல்கிறேன், கூட்டவில்லை. தன் சட்டைப் பையிலிருந்து அந்த நைலான் இழையை எடுத்து, அக்காவின் உள்ளங்கையில் வைத்துக் காட்டியது. "இது தெரியுதுல்ல? இதே கால்ல வச்சா சில பேருக்குத் தெரியாதுக்கா. முள்ளு குத்தினாலும் தெரியாது. சுடுதண்ணி ஊத்தினாலும் தெரியாது. அதனாலதான் தினமும் ராத்திரி காலைத் திருப்பிப் பார்க்கணும். குனிய முடியலன்னா கண்ணாடியக் கீழ வச்சுப் பாருங்க." அக்கா மாப்பைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு, செருப்பைக் கழற்றி, பித்த வெடிப்போடு இருந்த குதிகாலைத் தூக்கிக் காட்டினார். அவருக்கும் சர்க்கரை. பிள்ளை அங்கேயே தரையில் உட்கார்ந்து சோதித்துப் பார்த்தது. அதற்குள் அடுத்த நடுவர் ஜோடி வந்து நின்று, கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அந்த இரண்டு நிமிடத்துக்கு மதிப்பெண் தாளில் கட்டம் கிடையாது. பரிசு வேறொருவருக்குப் போனது. உங்கள் படத்தில் கேடயம் வாங்குவது அந்தப் பெண் இல்லை.

நான் சொல்ல வந்தது இதுதான். அந்த மண்டபத்தில் பல்கலைக்கழகத்தார் இருந்தார்கள், வெளியூர்ப் பேராசிரியர்கள் இருந்தார்கள், மருந்துக் கம்பெனிக்காரர்கள் பேனாவும் பையும் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அந்தப் போஸ்டர்களில் எண்ணாக இருந்தவர்களில் அங்கே வந்தவன் நான் ஒருவன்தான். நானும் டெலிவரி கொடுக்கப் போனவன்.

ஆய்வில் பங்கெடுத்தவர்களுக்கு முடிவைச் சொல்ல வேண்டும் என்பது எனக்குப் புதிதாகத் தோன்றிய யோசனையும் இல்லை. ஒரு முதுநிலை மாணவரின் ஆய்வேட்டைப் பைண்டிங் செய்யும்போது பின்னிணைப்பில் பார்த்தேன். புரியாத இடத்தை அவரிடமே கேட்டுத் தெரிந்துகொண்டேன். மனிதர்களை வைத்துச் செய்யும் மருத்துவ ஆய்வுகளுக்கு உலக மருத்துவச் சங்கம் 1964-இல் பின்லாந்தின் ஹெல்சிங்கியில் ஒரு பிரகடனம் போட்டது. அதை அவ்வப்போது திருத்துவார்கள். 2013-இல் திருத்தியதில், ஆய்வில் பங்கெடுத்த எல்லோருக்கும் அதன் பொதுவான முடிவுகளைத் தெரிந்துகொள்ளும் வாய்ப்பு கொடுக்கப்பட வேண்டும் என்று எழுதியிருக்கிறார்கள். எல்லா ஆய்வேட்டிலும் 'ஹெல்சிங்கி பிரகடனத்தின்படி நடத்தப்பட்டது' என்று ஒரு வரி வரும். நூறு தடவைக்கு மேல் அச்சடித்திருப்பேன்.

எங்கள் மாவட்டத்தின் பெயர் உலகத்து மருத்துவப் புத்தகங்களில் 'சிங்கிள்புட்' என்று இருக்கிறது, தெரியுமா? இதை எனக்குச் சொன்னவர் சமூக மருத்துவத் துறைப் பேராசிரியர் ஒருவர், டீ குடிக்கக் கடைக்கு வருவார். 1968-இல், அப்போது செங்கல்பட்டு மாவட்டத்தில் இருந்த திருவள்ளூர்ப் பகுதியில், பி.சி.ஜி. தடுப்பூசி காசநோயைத் தடுக்கிறதா என்று பார்க்கப் பெரிய ஆய்வு ஒன்று தொடங்கினார்கள். சுமார் 2 லட்சத்து 60 ஆயிரம் பேர். சிலருக்கு நிஜ மருந்து, சிலருக்கு வெறும் ஊசி. பதினைந்து வருடம் பின்தொடர்ந்து பார்த்ததன் முடிவு 1999-இல் வெளியானது. பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயை அங்கே அந்தத் தடுப்பூசி தடுக்கவில்லை. குழந்தைகளுக்கு வரும் கடுமையான வகைகளிலிருந்து காப்பதால்தான் இன்றைக்கும் பிறந்த குழந்தைக்கு அதைப் போடுகிறார்கள். யாரும் என் கடிதத்தைப் படித்துவிட்டு நிறுத்திவிடாதீர்கள்.

என் அம்மாவின் ஊர் திருவள்ளூர்ப் பக்கம்தான். அப்போது அவருக்கு ஒன்பது பத்து வயது. ஜீப் வந்தது, ஊசி போட்டார்கள், சில நாள் கழித்து வந்து கையில் ஸ்கேல் வைத்து அளந்தார்கள், பெரியவர்களை எக்ஸ்ரே வண்டிக்குள் கூப்பிட்டார்கள் என்றெல்லாம் இன்றும் சொல்வார். முடிவு என்ன ஆச்சு என்று கேட்டேன். "அது என்ன ஆச்சோ. ஜீப்புக்குப் பின்னால ஓடினதுதான் ஞாபகம் இருக்கு" என்றார். அந்த வயதில் யாராவது சொல்லியிருந்தாலும் மறந்திருக்கும். நான்தான் இப்போது, அம்பது வருடம் கழித்து, முடிவைச் சொன்னேன். "அப்படியா, அப்ப எனக்குப் போட்டது நிஜ மருந்தா, வெறும் ஊசியா?" என்று கேட்டார். யாரிடம் போய்க் கேட்பது?

சரி, குறை மட்டும் சொல்லக் கூடாது. கண்காட்சி முடிந்த வாரம் அந்தப் பெண்ணும் நானும் உட்கார்ந்து தமிழில் ஒரு தாள் செய்து பார்த்தோம். ஏ3 அளவு, அவ்வளவுதான். எவ்வளவு பாடு என்பதைச் சொல்லியாக வேண்டும். முதல் பாடு எழுத்துரு. பிள்ளை போனில் யூனிகோடில் அடித்து அனுப்பியது. என் கடையில் இருப்பது கோரல்டிரா என்ற வடிவமைப்பு மென்பொருளின் பழைய பதிப்பு. அதில் ஒட்டினால் ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் எழுத்தைவிட்டுப் பிரிந்து எங்கேயோ போய் நிற்கும். 'கொப்புளம்' என்ற சொல் மூன்று துண்டானது. நாங்கள் வழக்கமாகப் பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில்தான் அடிப்போம். கடைசியில் முழுவதையும் நானே பாமினியில் திரும்ப அடித்தேன்.

இரண்டாவது பாடு சொல். 'பாதுகாப்பு உணர்வு இழப்பு' என்று அது எழுதி வந்திருந்தது. மருத்துவச் சொல்லின் நேர் தமிழாம். "இதைப் படிச்சா ஏரியாவுல திருட்டு பயம் அதிகம்னு நினைப்பாங்க பாப்பா" என்றேன். அப்புறம் 'மரத்துப்போன கால்' என்று வைத்தோம். அதுவும் போதவில்லை, மரத்துப்போவது உட்கார்ந்து எழுந்தால் சரியாகிவிடும் என்று எல்லோருக்கும் தெரியுமே. கடைசியில் தலைப்பில் இப்படிப் போட்டோம்: 'முள் குத்தினாலும் தெரியாத கால்'. அதற்குக் கீழே, இந்த மருத்துவமனைக்கு வந்த உங்களில் சிலரைச் சோதித்தோம், பலருக்குத் தங்கள் கால் இப்படி ஆனது தெரிந்திருக்கவில்லை, நீங்களும் கேட்டுச் சோதித்துக்கொள்ளுங்கள் என்று நான்கே வரி. நடுவில் என் கால்.

2019-இல் அமெரிக்காவில் மைக் மாரிசன் என்ற ஆய்வு மாணவர், மாநாட்டுப் போஸ்டர் என்றாலே எறும்பு ஊர்வது போல எழுத்தாக இருக்கிறது, நடுவில் ஒரே ஒரு முடிவைப் பெரிதாக, எல்லோருக்கும் புரியும் மொழியில் போடுங்கள் என்று ஒரு வடிவத்தைக் கொண்டுவந்தார். பல் மருத்துவ மாணவர் ஒருவர் அந்த மாதிரி செய்து கொண்டுவந்து, வழிகாட்டி 'காலி இடம் நிறைய இருக்கே' என்று திருப்பி அனுப்பிய கதையும் என் கடையில் நடந்தது. எங்கள் தாளுக்கு நாங்கள் யாரையும் கேட்கவில்லை. காலி இடத்தை அப்படியே விட்டுவிட்டோம்.

அந்தத் தாளை ஓ.பி. சுவரில் ஒட்டினோம். மூன்றாம் நாள் இல்லை. அனுமதி வாங்காமல் ஒட்டியது என்று எடுத்துவிட்டார்களாம். முறைப்படி அது சரிதான், அனுமதி வாங்கவில்லை. இப்போது அது என் கடைக் கண்ணாடியில் இருக்கிறது. ஜெராக்ஸ் எடுக்க வருகிறவர்கள் நின்று படிக்கிறார்கள். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் என் அம்மாவுக்கு வீட்டுக்கே மாத்திரை கொண்டுவரும் தன்னார்வலர், பத்துப் பிரதி கேட்டு வாங்கிப் போனார். 2021-இல் அந்தத் திட்டம் வந்ததிலிருந்து எங்கள் தெருவில் யார் வீட்டில் யாருக்குச் சர்க்கரை என்பது அவருக்கு விரல்நுனியில். ஒரு மருத்துவமனைச் சுவரைவிட அவர் கை நல்ல இடம் என்று எனக்கு இப்போது தோன்றுகிறது.

சில பேராசிரியர்கள் என்ன சொல்வார்கள் என்று தெரியும். வெளி மாநில நடுவர்கள் வருகிறார்கள், போஸ்டர் ஆங்கிலத்தில்தான் இருக்க வேண்டும் என்பார்கள். இருக்கட்டும். போஸ்டரைத் தொட வேண்டாம். பக்கத்தில் ஒரு ஏ3 தாளுக்கு இடம் கொடுங்கள். இன்னும் சிலர், நோயாளிகளை மண்டபத்துக்குக் கூப்பிட்டால் கூட்டம் ஆகும் என்பார்கள். அப்படியானால் மறுநாள் ஒரு காலை மட்டும் அந்தப் பலகைகளை ஓ.பி. வராந்தாவில் வைத்து, பிள்ளைகளை அதே இடத்தில் நிற்க வையுங்கள். டோக்கனுக்குக் காத்திருக்கிறவர்களுக்கு டி.வி. சீரியலைத் தவிரப் பார்க்க ஒன்று கிடைக்கும். மண்டபத்தில் அவ்வளவு பேர் பார்த்திருக்கவே மாட்டார்கள்.

இப்போது அந்தப் போஸ்டர்கள் என்ன ஆகின்றன தெரியுமா? விடுதி அறைக் கட்டிலுக்கு அடியில் சில காலம் கிடக்கும். ஃப்ளெக்ஸ் என்றால் கெட்டியான துணி, எறிய மனசு வராது. எங்கள் தெருமுனை டீக்கடைக்கு மழைச் சாரல் அடிக்காமல் கட்டியிருப்பது கர்ப்பிணிகளின் ரத்தசோகை பற்றிய ஆய்வு. தலைகீழாகக் கட்டியிருக்கிறார். பக்கத்துச் சந்தில் ஆட்டுக் கொட்டகைக் கூரை, பள்ளிப் பிள்ளைகளின் சொத்தைப் பல் பற்றியது. இரண்டும் என் கடைச் சரக்குதான். நாலு வருட வெயிலுக்கும் மை போகவில்லை.

கடிதம் நீண்டுவிட்டது. எங்கே வேண்டுமானாலும் வெட்டிக்கொள்ளுங்கள், கீழே உள்ளதை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

அடுத்த வருடக் கண்காட்சிக்குப் போஸ்டர் அடிக்க வரும் எந்த மாணவரும், தன் ஆய்வில் பங்கெடுத்தவர்களுக்குச் சொல்ல நான்கு வரி தமிழில் எழுதிக் கொண்டுவந்தால், அந்த ஏ3 தாளை நான் இலவசமாக அச்சடித்துத் தருகிறேன். எத்தனை பேர் வந்தாலும் சரி. தமிழ் டைப்பிங்கும் என் பொறுப்பு. பிழை இருந்தால் நானே திருத்துகிறேன், சொல் புரியவில்லை என்றால் கடைக்கு வருகிற யாரையாவது படிக்கச் சொல்லிப் பார்ப்போம். கடை காலை ஒன்பதரைக்குத் திறக்கும். கண்காட்சிக்கு முந்தைய நாள் மட்டும் ராத்திரி இரண்டு மணி வரை இருப்பேன். தயவுசெய்து அந்த நாலு வரியை மட்டுமாவது மாலை ஆறு மணிக்குள் கொண்டுவந்துவிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு அச்சுக்கடைக்காரன்,
செங்கல்பட்டு மாவட்டம்.